மூன்று பாட்டுக்குச் சோறு வெந்துவிடும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு என் மகள் யாழினி ஒரு வாரப் பத்திரிகையை மடித்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். எங்கள் வீட்டில் எல்லாம் பிசகத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான். சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறேன். அது பத்து நிமிடம் முன்னால் ஓடும். நான் எங்கும் நேரத்துக்குக் கிளம்புவதில்லை என்று என் மனைவி கல்பனா அப்படி வைத்திருந்தாள். அவள் இறந்து பதினேழு நாளாகியும் யாரும் அதைத் திருத்தவில்லை. ஆகவே சரியான நேரம் ஏழு மணி.

இருபத்திரண்டு வருடங்களாக நான் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். வீடுதான் எனக்கு மூலப்பொருள். பால் பொங்கி வழிந்தால் அரைப் பக்கம், மிக்சி எரிந்தால் ஒரு பக்கம். யாழினியின் பத்தாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண், அவளுடைய கீபோர்டு வகுப்பு, அவள் முதன்முதலில் வைத்த சாம்பார், எதையும் நான் விட்டதில்லை. அந்த வாரம் எழுதியது கல்பனாவின் இறுதிச் சடங்கைப் பற்றி.

கல்பனாவுக்குத் துள்ளல் பாட்டுகள்தான் பிடிக்கும். இரண்டே வரி, திரும்பத் திரும்ப வரும், மூன்றாம் முறை நமக்கே கால் ஆடும், அந்த மாதிரிப் பாட்டுகள். உலை வைத்ததும் போனில் பாட்டைத் தட்டிவிடுவாள். மூன்று பாட்டுக்குச் சோறு வெந்துவிடும், ஒரு பாட்டுக்கு ரசம் கொதித்துவிடும் என்பது அவள் வைத்திருந்த அளவு. அவள் கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தபோது யாழினி அவளுக்குப் பிடித்த பாட்டு ஒன்றை மெல்லிய சத்தத்தில் போட்டாள். பாட்டு பாதியில் நின்று விளம்பரம் வந்தது. "உங்கள் துணையை இன்றே தேடுங்கள், முதல் மாதம் இலவசம்" என்றது ஒரு பெண் குரல். அணைக்க ஓடிய யாழினி நாற்காலியில் இடறி விழுந்தாள்.

நான் அதை எழுதினேன். பாட்டுக்குச் சந்தா கட்டாத மகளின் கஞ்சத்தனத்தால் வந்த விளம்பரம், புதிதாக மனைவியை இழந்தவனுக்கு வந்த முதல் யோசனை என்றெல்லாம் இழைத்து எழுதினேன். என் கட்டுரைகளிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். யாழினியின் தோழிகள்கூட அவளுக்கே அதை அனுப்பி, சிரிக்கும் முகங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள்.

அவள் சண்டை போடவில்லை. "அன்னைக்கு நடந்ததுல உங்களுக்கு விளம்பரந்தான் ஞாபகம் இருக்காப்பா?" என்று மட்டும் கேட்டாள். நான் பதில் யோசித்துக்கொண்டிருந்தபோதே எழுந்து போய்விட்டாள். சில மாதங்களில் நாட்டைவிட்டே போனாள். இலங்கை மலையகத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கீபோர்டும் சொல்லிக்கொடுக்கிற வேலை. போய் எட்டு மாதமாகிறது. அதற்குள் அவள் என்னோடு பேசிய மொத்தப் பேச்சையும் ஒரு பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம்.

'உன்னைப் பார்க்க வருகிறேன். ஹட்டனில் நான்கு நாள் இருப்பேன்' என்று செய்தி அனுப்பினேன். 'சரி' என்று பதில் வந்தது. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் கிளம்பினேன்.

ஹட்டனில் இறங்கியபோது மழை. உள்ளூர்க்காரர்கள் அதை மழை என்று ஒப்புக்கொள்ளவில்லை. "இது தூத்தலுங்க. மழை இனிமேதான்" என்றார் ராமநாதன். கடைத்தெருவில் அவருடைய பலசரக்குக் கடையின் மாடியில்தான் என் அறை. அவருடைய பாட்டனார் துறையூரிலிருந்து வந்தவராம். அவர் வாயைத் திறந்ததும் திருச்சியில் எங்கள் தெருமுனைக் கடையில் நிற்பதுபோல் இருந்தது. கடல் தாண்டி, மலையேறி வந்து, என் மாவட்டத்துப் பேச்சையே கேட்டேன். வேறொரு சமயமாக இருந்தால் அதில் ஒரு கட்டுரை பார்த்திருப்பேன்.

அவர் தந்த தேநீர் கறுப்பாக, கசப்பாக இருந்தது. கூடவே உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டி வைத்தார். அதைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டுமாம். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை தேயிலை, தேநீர் மட்டும் ஏன் இப்படி என்று கேட்டேன்.

"நல்லதெல்லாம் கப்பல்ல போயிருங்க. நமக்குக் கூட்டி அள்ளினது" என்றார்.

யாழினியின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இந்தப் புள்ளையா? மாசத்துக்கு ஒருக்கா பேட்டரி வாங்க வருங்க. பொகவந்தலாவைப் பக்கம்னு நெனக்கிறேன். கெட்டிக்காரப் புள்ளை. ஆனா சிரிச்சு நான் பார்த்ததில்லங்க. நீங்க யாரு?"

"அப்பா."

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, இன்னொரு துண்டு கருப்பட்டியை என் கையில் வைத்தார்.

சிரிப்பு யாழினிக்கு விக்கல் மாதிரி வரும். தொடங்கினால் நிற்காது, தண்ணீர் கொடுக்க வேண்டும். அந்தச் சிரிப்பைப் பற்றியும் நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன்.

மேலே போய்ச் செய்தி அனுப்பினேன். 'வந்து சேர்ந்துவிட்டேன். குளிரில் என் பற்கள் தாளம் போடுகின்றன. உன் குழுவில் இடம் இருக்கிறதா?' மாலை நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு இரண்டு குறிகளும் நீலமாயின. பதில் இல்லை. நான் எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தேன். எட்டு மாதம் பார்க்காத மகளுக்கு ஒரு தகப்பன் ஊர் வந்து சேர்ந்ததும் அனுப்புகிற முதல் வரி இது. அழித்துவிடலாமா என்று நினைத்தேன். அழித்தாலும் அவள் படித்துவிட்டாளே.

மறுநாள் அறையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. காலை உணவுக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டேன். வெங்காயமும் மிளகாயும் மாசிக் கருவாடும் இடித்த சம்பல். காது வரை எரிந்தது. எந்தத் திசை என்று பார்க்காமல் நின்ற பேருந்தில் ஏறினேன். அது தலவாக்கலைக்குப் போயிற்று.

இந்த ஊர்த் தனியார் பேருந்துகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே மாலை, மணி, கலர் விளக்கு, ஓட்டுநர் தலைக்குமேல் ஒரு திரை. திரையில் பாட்டு. சிங்களப் பாட்டு ஒன்று, தமிழ்ப் பாட்டு ஒன்று, பிறகு சிங்கள வரிகளோடு நமக்குத் தெரிந்த மெட்டு ஒன்று. சத்தம் நெஞ்சுக்குள் வந்து இடிக்கும். வெளியே பள்ளத்தாக்கு, ஒரு சக்கரம் ஏறக்குறைய காற்றில். உள்ளே காதலனும் காதலியும் கடற்கரையில் ஆடுகிறார்கள். வளைவுக்கு வளைவு எனக்கு வயிற்றைப் புரட்டியது. பக்கத்தில் இருந்த சிங்கள அம்மாள் என்னைப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து ஓர் இஞ்சி மிட்டாயை எடுத்துத் தந்தார். ஏதோ சொன்னார். முன்சீட்டுப் பையன் மொழிபெயர்த்தான்: "வெளிய பார்க்காதீங்க, பாட்டப் பாருங்க, சரியாயிரும்ங்கிறாங்க."

பாட்டைப் பார்த்தேன். சரியாகவில்லை.

கல்பனா உயிரோடு இருந்தவரை அவள் பாட்டுகளை நான் கிண்டல் செய்வேன். ஒரே வரியை எட்டு முறை பாடுகிறார்களே, ஏழாவது முறை ஏதாவது புதிதாகப் புரிந்ததா என்று கேட்பேன். "நீங்க மட்டும் என்ன? இருபது வருசமா என் இட்லியப் பத்தி ஒரே ஜோக்குதானே எழுதுறீங்க" என்பாள். அதையும் எழுதினேன். வாசகர்கள் அவளை மிகவும் விரும்பினார்கள். 'அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்' என்று கடிதம் போடுவார்கள்.

அவள் இறந்த காலையில் நான் வீட்டில்தான் இருந்தேன். என் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். பாட்டுச் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று நான்தான் சாத்தினேன். யாழினி கதவைத் தட்டியபோது எல்லாம் முடிந்திருந்தது. சமையலறையில் என்ன நடந்தது, கல்பனா எப்படி விழுந்தாள், ஏதாவது சொன்னாளா, இது எதையும் நான் இதுவரை என் மகளிடம் கேட்டதில்லை. மாரடைப்பு என்று மருத்துவர் சொன்னார், அதை எல்லோருக்கும் சொன்னேன். யாழினியிடம் கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். அந்தப் பயம்தான். அதற்குப் பதிலாக விளம்பரத்தைப் பற்றி எழுதினேன். விளம்பரம் வந்தபோது நான் கூடத்தில் இருந்தேன். அதற்கு நான் சாட்சி.

தலவாக்கலையில் ஒரு தேநீர் குடித்துவிட்டு அதே பேருந்தில் திரும்பினேன். அன்றும் செய்தி அனுப்பினேன். கட்டச்சம்பலைப் பற்றி ஒரு வேடிக்கை. நீலக் குறி வந்தது. பதில் இல்லை.

மூன்றாம் நாள் காலை நானே தேடிப் போவதென்று முடிவு செய்தேன். யாழினி முன்பு அனுப்பிய ஒரு கடித உறை என்னிடம் இருந்தது. அதில் முகவரி: லார்க்ஹில் தோட்டம், பொகவந்தலாவை.

பேருந்து நடத்துனரிடம் உறையைக் காட்டினேன். அவர் சிங்களத்தில் ஓட்டுநரைக் கேட்டார். ஓட்டுநர் தலையை ஆட்டினார். பின்னால் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு அடுத்த இருக்கையில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, மடியில் பிளாஸ்டிக் பையும் அதற்குள் வெள்ளைத் துணியுமாக உட்கார்ந்திருந்தாள். பெயர் பத்மா. கொழும்பில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறவள், சொந்தத் தோட்டத்துக்கு ஒரு சாவுக்காகப் போய்க்கொண்டிருந்தாள்.

"அப்படி ஒரு தோட்டம் இந்தப் பக்கம் கெடையாதுங்க சேர். நான் இங்கேயே பொறந்து வளந்தவ" என்றாள் தீர்மானமாக.

ஒன்பது நாற்பதுக்குப் பேருந்து நின்றது. முன்னால் மண் சரிந்து பாதை மூடிக் கிடந்தது. தேயிலைச் செடிகள் வேரோடு தார்ச்சாலையில் நின்றன, அங்கேயே நட்டதுபோல. எல்லோரும் இறங்கினோம். மண் அள்ளும் இயந்திரம் வர மத்தியானமாகும் என்றார்கள். போனில் சிக்னல் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற நான் பத்மாவிடம் யாழினியின் படத்தைக் காட்டினேன்.

"அட, நம்ம பாட்டு டீச்சர்! வீட்டுக்கு போன் பேசுறப்பெல்லாம் புள்ளைங்க இவங்க படத்தக் காட்டாம விடாதுங்க. ஊசிப்பாறையிலதானே இருக்காங்க, எங்க தோட்டத்துல."

"அப்போ லார்க்ஹில்?"

அவள் உறையை வாங்கி மறுபடி பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "இருங்க, தொரை பங்களாவுக்குப் போற வழியில ஒரு போர்டு இருக்கும். செடி மூடிக் கெடக்கும். அதுல இந்தப் பேருதான் போட்டிருக்கும் போல. அது காயிதத்துப் பேருங்க சேர். காயிதத்துலதான் அந்தப் பேரு இருக்கும், நாங்க ஊசிப்பாறையிலதான் இருக்கோம்."

இங்கே ஒவ்வொரு தோட்டத்துக்கும் இப்படி இரண்டு பெயர் என்று அப்போதுதான் தெரிந்தது. வெள்ளைக்காரன் வைத்தது ஒன்று, மலையேறி வந்தவர்கள் வைத்தது ஒன்று. நான் காலையிலிருந்து காகிதப் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு விசாரித்திருக்கிறேன்.

குறுக்குப் பாதையில் அவளோடு நடந்தேன். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் படிகள். மூச்சு வாங்கியது. யார் இறந்தது என்று கேட்டேன்.

"மகேஸுங்க. என் வயசுதான் இருக்கும். முந்தாநேத்து வெடியக்காலம் விழுந்துட்டா. அவ மக பிரியா உங்க மகக்கிட்டதான் பாட்டுப் படிக்குது. டீச்சரும் வருவாங்க. வராம இருக்கமாட்டாங்க."

நான் நின்றுவிட்டேன். யாழினியை நான் பார்க்கப்போவது ஒரு சாவு வீட்டில். என் தோளில் பை, பைக்குள் எப்போதும் இருக்கிற, கட்டுரைக்குக் குறிப்பெடுக்கிற நோட்டு. அவள் என்னை எந்த இடத்தில் பார்க்கவே கூடாதோ அந்த இடத்துக்குத்தான் நடந்துகொண்டிருந்தேன். திரும்பிப் போய்விடலாமா என்று கேட்கத் தோன்றியது, யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

"என்ன சேர், ஏலாதா? கொஞ்ச தூரந்தான்" என்றாள் பத்மா.

படி முடிகிற இடத்திலிருந்து இரண்டு பக்கமும் வெள்ளைக் கொடிகள். நீளமான லயம், ஒரே கூரையின் கீழ் பத்து வீடு. நான்காவது வீட்டு வாசலில் தார்ப்பாய் கட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தப்பு அடிப்பவர்கள் மழைக்கு ஒதுங்கித் தோலை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அன்று யாரும் வேலைக்குப் போகவில்லை. என்னைக் கண்டதும் கூட்டம் எழுந்தது.

"ஐயா வந்துட்டாரு! ஐயாவுக்குக் கதிரை போடுங்க!"

நாற்காலியை ஒருவர் துண்டால் துடைத்தார். ஒருவர் சோடாவை உடைத்தார். எதற்கு என்று பிறகுதான் தெரிந்தது. மகேஸ் வீட்டில் விழுந்து, கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்திருக்கிறாள். உடலை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். திடீர்ச் சாவு என்பதால் விசாரணை அதிகாரி வந்து எழுதினால்தான் அடக்கம் செய்யலாம். அன்று காலை வருவதாக இருந்த அவருக்காகக் காத்திருந்தவர்கள், முழுக்கைச் சட்டையும் தோல்பையுமாக வந்த என்னை அவர் என்று நினைத்துவிட்டார்கள்.

"நான் அவர் இல்லைங்க. பாட்டு டீச்சரோட அப்பா. திருச்சியிலேருந்து வர்றேன்" என்றேன்.

"அப்ப சோடாவத் திரும்பக் குடுத்துருங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சாவு வீடு சிரித்தது. தப்புக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். செல்லையா என்கிற தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார். பத்திரிகையில் எழுதுகிறேன் என்றேன். என்ன எழுதுகிறேன் என்று சொல்லவில்லை.

"அப்ப நல்லதாப் போச்சு" என்றார். "பாதை தொறந்து அவரு வர மத்தியானம் ஆகும். போன தடவ ஒரு சாவுல, அவுங்க கேட்டதுக்கெல்லாம் ஆமா சேர், ஆமா சேர்னு சொல்லி, சிங்களத்துல எழுதினத வாசிக்கத் தெரியாமலே கையெழுத்து வச்சோம். பொண்டாட்டி செத்த அன்னிக்கு மனுசன் என்னத்தப் பேசுவான்? அதனால இந்தத் தடவ நாமளே முன்னாடி தமிழ்ல எழுதி வச்சிருவோம். அவரு வந்தா அதப் பார்த்துச் சொல்லிறலாம். நீங்க எழுதுங்க."

"உங்க பிள்ளைங்க படிச்சவங்க இருப்பாங்களே?"

"இருக்குதுங்க. அழுதுக்கிட்டு இருக்குதுங்க. வெளியாளு எழுதினா கை நடுங்காதுல்ல?"

நோட்டை வெளியே எடுத்தேன். என் வாழ்க்கையில் முதன்முறையாக அதை எடுக்கச் சொல்லி ஒருவர் கேட்டிருக்கிறார். எதிரே ஒரு நாற்காலி போட்டார்கள். வரிசையைச் செல்லையாவே சொல்லிக்கொடுத்தார். பெயர், வயது, இறந்தவருக்கு என்ன முறை, எத்தனை மணிக்கு, என்ன நடந்தது, கடைசியாக என்ன சொன்னார்.

முதலில் மகேஸின் கணவர் முருகையா உட்கார்ந்தார். கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் உட்கார்வதுபோல.

"பேரு முருகையா. வயசு நாப்பத்தொம்பது. நான் அவ புருசன். அஞ்சே கால் இருக்கும். பெரட்டுக்குப் போகணும்." காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற அந்தக் கூட்டத்தை அவர்கள் பெரட்டு என்கிறார்கள். "தேத்தண்ணி தந்தா. உள்ளங்கையில சீனி வச்சா. இம்புட்டுத்தானான்னு கேட்டேன்."

நிறுத்திவிட்டார்.

"சொல்லு மச்சான்" என்றாள் பின்னால் நின்ற நாகம்மா. மகேஸோடு ஒரே நிரையில் பதினெட்டு வருடம் கொழுந்து பறித்தவள்.

"'மிச்சத்துக்கு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே குடிங்க'ன்னா." அவர் குரல் இறங்கிவிட்டது. "நான் பாக்கலைங்க. போனப் பாத்துக்கிட்டு இருந்தேன். சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்."

யாரோ சிரிக்கத் தொடங்கி, அது பாதியில் அழுகையாக மாறியது.

"அத எழுதாதீங்க சேர்" என்றார் முருகையா. "ஆபீசர் சிரிப்பாரு."

"எழுதுங்கய்யா" என்றாள் நாகம்மா. "அவ கடைசியாச் சொன்னது அதுதானே? அத விட்டுட்டு வேற என்னத்த எழுதுவீங்க? சிரிச்சா சிரிக்கட்டும். அவ சிரிக்கத்தானே சொன்னா."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னபடியே எழுதினேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கை நடுங்கியது. செல்லையா அதைப் பார்த்துவிட்டு நோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். முருகையாவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்படித்தாங்க" என்று எழுந்து போய்த் தப்புக்காரர்களின் நெருப்பருகே நின்றுகொண்டார். நான் கதவைச் சாத்தியிருந்தேன், அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சொல்ல அவருக்கு இரண்டு நாள்தான் ஆனது.

அடுத்து நாகம்மா. அவள் நாற்காலியில் உட்காரவில்லை.

"அவ இல்லாம மலைக்கு எப்படிப் போவேன்னு எழுதுங்க. போனைப் பாட்டோட கூடைக்குள்ள போட்டுருவா. கூடைக்குள்ள போட்டாத்தான் சத்தம் நல்லா வரும். ஒரு நிரை முடிக்க நாலு பாட்டும்பா. கங்காணி வந்து, 'இது மலையா, கல்யாண வீடா?'ன்னு கத்துவாரு. 'மாப்பிள்ள நீங்களா? அப்ப வேணாம்'னு இவ சொல்லுவா. அவரே சிரிச்சிருவாரு."

"இது விசாரணைக்குத் தேவையில்ல நாகம்மா" என்றார் செல்லையா.

"உங்களுக்குத் தேவையில்ல. எழுதுங்கய்யா நீங்க."

எழுதினேன். நாலு பாட்டுக்கு ஒரு நிரை என்று எழுதும்போது நோட்டில் ஒரு சொட்டு விழுந்தது. தார்ப்பாய் ஒழுகுகிறது என்று ஒருவர் என் நாற்காலியைத் தள்ளிப் போட்டார். ஒழுகியது தார்ப்பாய் இல்லை.

மழை வலுத்தது. பதினொன்றே காலுக்குப் படிகளின் மேல் பிள்ளைகள் தெரிந்தார்கள். பன்னிரண்டு பதின்மூன்று பேர், வெள்ளைப் பள்ளிச் சீருடையில். கடைசியாக யாழினி. மெலிந்திருந்தாள். நெஞ்சோடு அணைத்த பாலித்தீன் பைக்குள் ஒரு சிறு ஒலிபெருக்கி. கூட்டத்துக்கு நடுவே, மடியில் நோட்டோடு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். நின்றாள். அவள் முகத்தில் ஏழு மணிப் பத்து நிமிடம் மறுபடி வந்தது.

நான் எழுந்தேன். அவள் என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்குள் உடலருகே பிரியா உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வயதிருக்கும். வாசலிலிருந்து எனக்குப் பேச்சு கேட்டது.

"டீச்சர், அம்மா பாட்டப் போடுறீங்களா?"

"போடுறேம்மா."

"நடுவுல நிக்குமா டீச்சர்?"

"நிக்காது. விளம்பரம் வராது. நேத்தே இறக்கி வச்சுட்டேன்."

பாட்டு தொடங்கியது. எனக்குத் தெரியாத பாட்டு. இரண்டே வரி, திரும்பத் திரும்ப. மூன்றாம் முறை வந்தபோது நாகம்மாவின் விரல்கள் முந்தானையில் தாளம் போட்டன. பிள்ளைகள் சேர்ந்து பாடினார்கள். நெருப்பருகே முருகையா முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். நடுவில் எதுவும் வரவில்லை. பாட்டு முழுவதும் ஓடி, தானாக முடிந்தது.

யாழினி வெளியே வந்தபோது செல்லையா அவளிடம், "ஒங்க அப்பா பெரிய உதவி பண்ணிட்டாரும்மா" என்றார். அவள் என் முன்னால் வந்து கையை நீட்டினாள். நோட்டைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். முருகையாவின் பக்கத்தை முடித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து படித்தாள். மழை பலமாக அடித்ததால் கூட்டம் தார்ப்பாயின் நடுவுக்கு நெருங்கி வந்தது. யாரும் எங்களைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காததுபோல் இருந்தார்கள்.

"யாழி, நான் வந்து..." என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல. நோட்டில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திருப்பி என் மடியில் வைத்தாள். பேனாவை, மூடியைக் கழற்றி, என் விரல்களுக்கிடையில் செருகினாள். பிறகு எதிரே, சாட்சி சொல்கிறவர்கள் உட்கார்ந்த அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஈரக் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

"எழுதுங்கப்பா" என்றாள். "பேரு யாழினி. வயசு இருபத்தஞ்சு. இறந்தவங்க எனக்கு அம்மா. காலையில ஆறே கால். அடுப்புல உலை இருந்துச்சு. மூணாவது பாட்டு பாதியிலதான் ஓடிட்டிருந்துச்சு. சோறு இன்னும் வேகல."